விளையாட்டு வேறு, அரசியல் வேறா? – அமெரிக்க உதைபந்தாட்டம் குறித்து ஒரு நோக்கு

“விளையாட்டு வேறு, அரசியல் வேறு, இரண்டையும் கலத்தல் ஆகாது” என்னும் கூற்று நெடுங்காலமாக வழங்கிவருவது. கேட்போர் செவிக்கு அது நீதியான கூற்றாகவே தோன்றும். களத்திலே திறமை ஒன்றே அளவுகோலாதல் வேண்டும், கட்சிப் பூசல்கள் அங்கு நுழைதல் கூடாது என்று விரும்பாதார் எவர்? ஆயினும், ஒரு கூற்றின் உண்மையை அறிய விழைவோர் அதன் சொற்பொருளோடு அமைந்துவிடுதல் போதாது. அதனைக் கூறுவோர் யாவர், எச்சந்தர்ப்பத்திற் கூறுகின்றனர், எவரை நோக்கிக் கூறுகின்றனர் என்பனவும் ஆராயப்படல் வேண்டும். அவ்வாறு ஆராயுமிடத்து, இக்கூற்று ஆடுவோரை நோக்கியே கூறப்படுவதும், ஆட்டத்தை உடைமையாகக் கொண்டோரை நோக்கிக் கூறப்படாமையும் புலனாகும். ஐக்கிய அமெரிக்காவிலே தொழிலாக ஆடப்படும் உதைபந்தாட்டத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஈண்டு உதைபந்தாட்டம் எனப்படுவது இலங்கையிலும் உலகின் பெரும்பாகத்திலும் அப்பெயரால் வழங்கும் ஆட்டம் அன்று. பெயர் அதுவேயாயினும், பந்து பெரும்பாலும் கையாலேயே கொண்டுசெல்லப்படுகின்றது. றகர் ஆட்டத்திலிருந்து கிளைத்த இவ்வாட்டத்தில், தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்த பதினொருவர் கொண்ட இரு அணிகள் நூறு யார் நீளமான களத்தில் ஒன்றையொன்று மோதித் தள்ளி முன்னேற முயல்கின்றன. 1920 இல் ஒஹாயோ மாநிலத்தின் கன்ரன் நகரில் தோன்றிய சங்கமொன்று 1922 இல் தேசிய உதைபந்தாட்ட லீக் எனப் பெயர் பெற்றது. அதில் இன்று 32 கழகங்கள் உள்ளன. தொலைக்காட்சி நிறுவனங்களோடும் அமேசன் நிறுவனத்தோடும் 2021 இல் அது செய்துகொண்ட பதினொரு ஆண்டு ஒப்பந்தங்களின் பெறுமதி ஏறத்தாழ 11,000 கோடி டொலர். 2025 பெப்ரவரியில் நடைபெற்ற இறுதியாட்டத்தை அந்நாட்டிலே 12 கோடிக்கு மேற்பட்டோர் தொலைக்காட்சி வாயிலாகக் கண்டனர். இத்துணைப் பெரிய நிறுவனமொன்றை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்கிவிடுதல் சமூகத்தை ஆராய்வார்க்கு ஏற்புடையதன்று.

2016 ஓகஸ்ற் மாதத்தில், சான் பிரான்சிஸ்கோ அணியைச் சேர்ந்த கொலின் கப்பர்னிக் என்னும் கறுப்பின வீரர், ஆட்டத்துக்கு முன்னர் தேசிய கீதம் இசைக்கப்பட்டபோது எழாது அமர்ந்திருந்தார். கறுப்பின மக்கள்மீது பொலிசார் இழைக்கும் கொடுமைகளைக் கண்டிப்பதே தம் நோக்கமென அவர் வெளிப்படையாகக் கூறினார். இராணுவத்தில் முன்னர் பணியாற்றிய ஒருவரின் ஆலோசனையை ஏற்று, மறியாதை குன்றாவண்ணம் பின்னர் ஒரு முழந்தாளை ஊன்றி நின்றார். கூச்சலிடவில்லை, ஆட்டத்தைத் தடைசெய்யவில்லை, எவரையும் இழித்துரைக்கவுமில்லை. ஆயினும், “விளையாட்டிலே அரசியலைக் கலக்கின்றார்” என்னும் கண்டனம் நாடெங்கும் எழுந்தது. 2017 செப்ரெம்பரில் அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகரில் உரையாற்றிய சனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், அவ்வாறு செய்யும் வீரர்களை உரிமையாளர்கள் பணிநீக்கஞ் செய்தல் வேண்டும் என வசைமொழியோடு கூறினார். அடுத்த மாதம் உப சனாதிபதி மைக் பென்ஸ் இண்டியானாபொலிஸ் நகரில் ஆட்டங்காணச் சென்று, வீரர்கள் முழந்தாளிட்டமையைக் காரணங்காட்டி உடனே வெளியேறினார். கப்பர்னிக் 2017 இல் தம் பழைய ஒப்பந்தத்திலிருந்து விலகிய பின்னர் எந்தக் கழகமும் அவரை ஏற்கவில்லை. கழகங்கள் கூடிச் சதிசெய்தன என அவர் தொடுத்த முறைப்பாடு 2019 பெப்ரவரியில் இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. அதன் விபரம் வெளியிடப்படவில்லை.

ஈண்டு எழும் வினா ஒன்றே. கப்பர்னிக் முழந்தாளிடும்வரை அக்களத்தில் அரசியல் இருந்ததில்லையா? சனாதிபதி ஒருவர் தனியார் கழகங்களின் ஊழியரைப் பணிநீக்கஞ் செய்யுமாறு கோருவதும், உப சனாதிபதி அரச செலவில் வந்து வெளிநடப்புச் செய்வதும் அரசியல் அல்லவாயின், ஒருவர் ஓசையின்றி முழந்தாளிடுவது மட்டும் அரசியலாவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடைகாண, அந்த லீக் செல்வம் பெற்ற வழியினைப் பின்னோக்கிக் காணல் வேண்டும்.

போட்டியே முதலாளித்துவத்தின் உயிர்நாடி என அந்நாட்டில் ஓயாது கூறப்படுவதுண்டு. ஏகபோகத்தைத் தடைசெய்யும் சட்டங்களும் அங்கு உள. உதைபந்தாட்டத் தொழிலும் அச்சட்டங்களுக்கு உட்பட்டதே என 1957 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1961 இல், கழகங்கள் யாவும் ஒன்றுகூடித் தம் ஒளிபரப்பு உரிமைகளை ஒரே பொதியாகத் தொலைக்காட்சி நிறுவனமொன்றுக்கு விற்க முற்பட்டபோது, அது சட்டவிரோதமானது என நீதிமன்றம் தடுத்தது. தனித்தனி வணிகர் ஒன்றுகூடி ஒரே விலை கூறுவது ஏகபோகமேயன்றி வேறென்ன? ஆனால், லீக்கின் ஆணையாளர் பீற் றொசெல் வாஷிங்டன் சென்று காங்கிரஸ் உறுப்பினரைக் கண்டு வாதாடினார். சில மாதங்களுள் அத்தகைய விற்பனைக்கு விதிவிலக்களிக்கும் சட்டம் நிறைவேறியது. 1961 செப்ரெம்பர் 30 இல் சனாதிபதி கென்னடி அதிற் கையொப்பமிட்டார். இன்றைய ஆயிரக்கணக்கான கோடி டொலர் வருமானத்தின் அத்திவாரம் அக்கையொப்பமே. லீக்கின் முதல் வெற்றி களத்தில் ஈட்டப்பட்டதன்று, சட்டசபையில் ஈட்டப்பட்டது.

1966 இன் நிகழ்ச்சி இதனினும் தெளிவானது. அமெரிக்க உதைபந்தாட்ட லீக் என்னும் போட்டி லீக் ஒன்று தோன்றி, வீரரை ஈர்க்கும்பொருட்டு ஊதியத்தை உயர்த்தியது. போட்டியினால் வீரர் நன்மையடைந்தனர், உரிமையாளர் துன்புற்றனர். எனவே இரு லீக்குகளும் இணைய முடிவுசெய்தன. இதற்கும் சட்ட விதிவிலக்கு வேண்டியிருந்தது. பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழுத் தலைவர் இமானுவேல் செலர் அதனை எதிர்த்தார். அவர் குழுவைச் சுற்றிச் செல்லும் வழியொன்றை லூசியானா மாநிலத்தவரான செனற்றர் றசல் லோங்கும் பிரதிநிதி ஹேல் பொக்ஸும் கண்டனர். வேறொரு நோக்கத்துக்கான வரிச் சட்டமூலத்தின் வாலிலே இவ்விதிவிலக்கு ஒட்டப்பட்டது. 1966 நவம்பர் 1 இல் லூசியானாவின் நியூ ஓர்லியன்ஸ் நகருக்குப் புதிய கழகமொன்று வழங்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. நவம்பர் 8 இல் சனாதிபதி ஜோன்சன் சட்டத்திற் கையொப்பமிட்டார். இவ்விரு தேதிகளுக்கும் இடைப்பட்டவை ஏழு நாட்களே. இதனை அரசியற் பேரம் என்னாது வேறெவ்வாறு அழைப்பது?

அதே சட்டம் இன்னொரு சலுகையையும் உறுதிப்படுத்தியது. வருமான வரி விலக்குப் பெறும் வர்த்தக சங்கங்களின் வரிசையில் தொழில்முறை உதைபந்தாட்ட லீக்குகளும் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டன. கழகங்கள் தத்தம் இலாபத்துக்கு வரி செலுத்தின என்பது உண்மை. விலக்கு லீக்கின் மத்திய பணிமனைக்கே உரியது. ஆயினும், இலாப நோக்கற்றதெனக் கருதப்பட்ட அப்பணிமனையின் ஆணையாளர் றொஜர் குடெல் 2012 இல் பெற்ற ஊதியம் 4 கோடி 42 இலட்சம் டொலர் என்பதை நோக்குமிடத்து அவ்விலக்கின் நகைப்பு விளங்கும். மக்கள் கண்டனம் பெருகவே, 2015 இல் லீக் தானாகவே அவ்விலக்கைத் துறந்தது. துறந்ததனால் ஒரு வசதியும் பெற்றது: ஆணையாளரின் ஊதியத்தை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தும் கடப்பாடு அன்றோடு ஒழிந்தது.

சட்டத்தினாற் பெற்ற ஏகபோகம் நகரங்களிடமிருந்து பணம் பெறுவதற்கான கருவியாகவும் ஆயிற்று. கழகங்களின் தொகையைத் தீர்மானிப்போர் உரிமையாளரே. கழகம் வேண்டும் நகரங்களின் தொகையிலும் கழகங்களின் தொகை எப்போதும் குறைவாகவே வைக்கப்படுகின்றது. இதனால், “புதிய விளையாட்டரங்கு கட்டித் தருக, இன்றேல் வேறு நகரம் செல்வோம்” என ஒவ்வொரு உரிமையாளரும் அச்சுறுத்த முடிகின்றது. அச்சுறுத்தல் வெறும் பேச்சன்று என்பதைப் பல்ரிமோர் மக்கள் 1984 மார்ச் மாதத்தில் அறிந்தனர். கழகத்தைப் பொதுவுடைமையாக்கும் சட்டமூலம் மாநிலச் சட்டசபையில் ஆராயப்பட்ட வேளையில், ஓரிரவிலே பாரவண்டிகளில் உடைமைகளை ஏற்றிக்கொண்டு பல்ரிமோர் கோல்ற்ஸ் கழகம் இண்டியானாபொலிஸ் சென்றுவிட்டது. 1995 முதல் 2016 வரை, நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கழகமேனும் இருக்கவில்லை. அவ்வெற்றிடம் ஏனைய நகரங்களை அச்சுறுத்துவதற்குப் பெரிதும் பயன்பட்டது.

“ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே” என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த விளக்கம் தேடவேண்டியதில்லை. லாஸ் வேகஸ் நகரின் அரங்குக்கு 2016 இல் நெவாடா மாநிலம் 75 கோடி டொலர் பொதுப்பணத்தை ஒதுக்கியது. பஃபலோ நகரின் புதிய அரங்குக்கு 2022 இல் நியூயோர்க் மாநிலம் 60 கோடியும் ஈரி மாவட்டம் 25 கோடியும் வழங்க இணங்கின. அக்கழகத்தின் உரிமையாளர் இயற்கை எரிவாயுத் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டியவர். செயின்ட் லூயிஸ் நகரிற் பொதுப்பணத்தாற் கட்டப்பட்டு 1995 இல் திறக்கப்பட்ட அரங்கை விட்டு 2016 இல் றாம்ஸ் கழகம் லொஸ் ஏஞ்சல்ஸ் சென்றது. அணி சென்றபின்னரும் அரங்கின் கடன் மக்களிடமே எஞ்சியது. அந்நகரம் வழக்குத் தொடுத்து, 2021 இல் 79 கோடி டொலர் இழப்பீடு பெற்றது. எல்லா நகரங்களும் அவ்வாறு பெற்றவையல்ல.

அரங்குகளால் வேலைவாய்ப்புப் பெருகும், வர்த்தகம் வளரும் என உரிமையாளர் வாதிடுவர். இவ்விடயத்தை ஆராய்ந்த அமெரிக்கப் பொருளியலாளரிடையே அரிதாகக் காணப்படும் கருத்தொற்றுமையொன்று இங்கு உண்டு: இடப்படும் பொதுப்பணத்துக்கு ஈடான வருமானம் நகருக்குத் திரும்புவதில்லை. காரணம் எளிது. அரங்கிற் செலவிடப்படும் பணம் பெரும்பாலும் அதே ஊர்மக்கள் வேறோரிடத்திற் செலவிட்டிருக்கக்கூடிய பணமே. ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து நாட்களே ஆட்டம் நிகழும் அரங்கொன்று நகர் முழுவதற்கும் வாழ்வளிக்கும் என நம்புவதற்குப் பெருந்துணிவு வேண்டும்.

அரசியல் களத்துள் நேரடியாகவே விலைகொடுத்து வாங்கப்பட்ட கதையும் உண்டு. ஆட்டத்துக்கு முன்னர் விரிக்கப்படும் பெருங்கொடிகளும், படைவீரரின் அணிவகுப்பும், களத்திலேயே நிகழும் படைச்சேர்ப்புச் சத்தியப்பிரமாணமும் நாட்டுப்பற்றின் இயல்பான வெளிப்பாடுகள் என்றே இரசிகர் நம்பினர். 2015 நவம்பரில் செனற்றர்களான ஜோன் மக்கேய்னும் ஜெஃப் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கை அந்நம்பிக்கையைக் குலைத்தது. இத்தகைய நிகழ்ச்சிகளுக்காகப் பாதுகாப்புத் திணைக்களம் பல்வேறு விளையாட்டுகளின் தொழில்முறைக் கழகங்களுக்கு 68 இலட்சம் டொலர் வழங்கியமையை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அவ்விருவரும் முழந்தாளிட்டோரின் கட்சியைச் சேர்ந்தவரல்லர். மக்கேய்ன் வியட்நாமிற் போர்க்கைதியாயிருந்தவர். 2016 மே மாதத்தில் உதைபந்தாட்ட லீக் தன் பங்கில் 7,23,734 டொலரை அரசுக்குத் திருப்பியளித்தது. அதன்பின் மூன்று மாதங்களில் கப்பர்னிக்கின் செயல் நிகழ்ந்தது. படையாட்களைச் சேர்ப்பதற்குக் கொடியையும் கீதத்தையும் கூலிக்கு விற்றோர் நாட்டுப்பற்றாளராயினர். அதே கீதத்தின்போது கூலி எதுவும் பெறாது, தன் தொழிலையே பணயம் வைத்து நின்றவர் துரோகியாயினார்.

உரிமையாளர் அரசியலைவிட்டு விலகி நின்றவரா எனின், அதுவுமில்லை. ட்ரம்பின் 2017 ஆம் ஆண்டுப் பதவியேற்பு விழா நிதிக்குக் கழக உரிமையாளர் பலர் தலைக்குப் பத்து இலட்சம் டொலர் வரை வழங்கினர். நியூயோர்க் ஜெற்ஸ் கழகத்தின் உரிமையாளரான றொபேட் வூட் ஜோன்சன் அவ்வாண்டிலேயே ஐக்கிய இராச்சியத்துக்கான தூதுவராக நியமிக்கப்பட்டார். ஒரே ஆண்டில் உரிமையாளரொருவரின் அரசியல் அவரைத் தூதுவராக்கியது. ஆட்டக்காரரொருவரின் அரசியல் அவரை வேலையற்றவராக்கியது. ட்ரம்பும் இத்தொழிலுக்குப் புதியவரல்லர். 1980 களில் தோன்றிய போட்டி லீக்கொன்றில் அவர் கழக உரிமையாளராயிருந்தார். அந்த லீக் தொடுத்த வழக்கில், தேசிய உதைபந்தாட்ட லீக் ஏகபோகமே என 1986 இல் யூரிமார் கண்டனர். ஆனால் நட்டஈடாக ஒரு டொலரை மட்டுமே விதித்தனர். சட்டப்படி மும்மடங்காக்கப்பட்டு அது மூன்று டொலராயிற்று. 2014 இல் பஃபலோ கழகத்தை வாங்க முயன்றும் அவர் வெற்றிபெறவில்லை.

இவற்றுக்கு மாறாக இரு வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. முதலாவது, களம் உரிமையாளரின் பணித்தலம். பணிநேரத்தில் ஊழியர் அரசியல் பேசலாகாது என்பது. பணித்தலம் எனின், அங்கு அரச திணைக்களத்தின் பணத்துக்காக நாட்டுப்பற்றைக் காட்சிப்படுத்த உரிமையாளருக்கு உரிமை எவ்வாறு வந்தது? அப்பணித்தலத்தையே கட்டிக்கொடுத்தது பொதுப்பணமெனின், அது முற்றிலும் தனியாருடையதாவது எவ்வாறு? இரண்டாவது, வீரர் பெருஞ்செல்வர். அவருக்கு என்ன குறை என்பது. இவ்வாதம் வீரரின் ஊதியத்தை எண்ணுகின்றதேயன்றி அதற்கு அவர் கொடுக்கும் விலையை எண்ணுவதில்லை.

அவ்விலை சிலவேளை மூளையாகவே இருக்கின்றது. மோதல்களால் ஏற்படும் மூளைக்காயங்களை ஆராயவென 1994 இல் லீக் அமைத்த குழு, நீண்டகாலத் தீங்கு இல்லையென்னும் கருத்தையே ஆண்டுக்கணக்கிற் பரப்பியது. 2002 இல் இறந்த மைக் வெப்ஸ்டர் என்னும் முன்னாள் வீரரின் மூளையை ஆராய்ந்த நைஜீரிய வைத்தியர் பெனற் ஒமாலு, நாட்பட்ட மூளைச் சிதைவின் அடையாளங்களைக் கண்டு 2005 இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். அக்கட்டுரையை மீளப்பெறுமாறு லீக்கின் குழுவினர் கோரினர். 2017 இல் வெளியான பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், இந்த லீக்கில் ஆடியோரின் 111 மூளைகளில் 110 இல் அந்நோய் காணப்பட்டது. நோய்க்குறிகண்ட குடும்பத்தினரே பெரும்பாலும் மூளையை ஆய்வுக்கு வழங்கினராதலின், எல்லா வீரருக்கும் இவ்விகிதம் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும் அச்சமூட்டும் எண்ணிக்கையே. முன்னாள் வீரருக்கான இழப்பீட்டுத் திட்டத்திலும் ஓர் அநீதி புகுந்தது. கறுப்பினத்தவரின் அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைந்தது எனக் கொள்ளும் இனவாரி அளவுகோல் சோதனைகளிற் பயன்படுத்தப்பட்டமையால், அவர் நோயுற்றதை நிறுவுதல் கடினமாயிற்று. 2021 இலேயே அதனைக் கைவிட லீக் உடன்பட்டது. பெரும்பான்மையான வீரர் கறுப்பினத்தவராயுள்ள ஒரு தொழிலில் நிகழ்ந்தது இது. இத்தகைய தொழிலில் நின்று ஒருவர் இனநீதி பற்றிப் பேசுவது, விளையாட்டுக்குப் புறம்பான ஒன்றைப் பேசுவதாகுமா?

லீக்கின் ஒழுக்கக் கொள்கை இலாபத்தோடு எவ்வாறு இடம்பெயரும் என்பதற்குச் சூதாட்டம் இன்னொரு சான்று. ஆட்டத்தின்மேற் பந்தயங் கட்டுதல் விளையாட்டின் தூய்மையைக் கெடுக்கும் என்று கூறி, 2012 இல் ஏனைய லீக்குகளோடு சேர்ந்து அது நியூ ஜேர்சி மாநிலத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2018 இல் உயர் நீதிமன்றம் தடைச்சட்டத்தை நீக்கிற்று. 2021 இல் மூன்று பந்தய நிறுவனங்களை லீக் தன் உத்தியோகபூர்வப் பங்காளிகளாக்கியது. 2024 இல் இறுதியாட்டமே சூதாட்டத் தலைநகரான லாஸ் வேகஸில் நடைபெற்றது. வீரர் பந்தயங் கட்டலாகாது என்னும் விதி நியாயமானதே. ஆயினும், வீரரைத் தண்டித்துக்கொண்டே பந்தய நிறுவனங்களின் விளம்பரத்தால் வருவாய் பெறுவது பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுவதாகும்.

எனவே, இக்களம் அரசியலாலே சமைக்கப்பட்டது என்பது தெளிவு. அரசியல் இதில் நுழையலாமா என்னும் வினா காலங்கடந்தது. எவருடைய அரசியல், எவருடைய நலனுக்காக என்பதே கேட்கத்தக்க வினா. இதற்கு விடைகூறும் நிகழ்ச்சிகளும் அவ்வரலாற்றிலேயே உள.

1934 முதல் 1945 வரை இந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரரேனும் ஆடவில்லை. எழுத்திலே தடை எதுவும் இல்லை. உரிமையாளரின் எழுதாத உடன்பாடே போதியதாயிற்று. 1946 இல் றாம்ஸ் கழகம் கிளீவ்லாந்திலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் வந்து, பொதுவுடைமையான கொலிசியம் அரங்கை வேண்டியது. மக்களின் வரிப்பணத்தாலான அரங்கில் மக்களில் ஒரு பகுதியினரை விலக்குதல் கூடாதென அந்நகரின் கறுப்பினப் பத்திரிகையாளர் அரங்கின் நிர்வாகக் குழுமுன் வாதாடினர். அதன் விளைவாகக் கென்னி வாஷிங்டனும் வூடி ஸ்ட்ரோடும் அணியிற் சேர்க்கப்பட்டனர். தலைநகர அணியின் உரிமையாளர் ஜோர்ஜ் பிரெஸ்டன் மார்ஷல் அதன் பின்னரும் பதினாறு ஆண்டுகள் பிடிவாதமாக நின்றார். அவர் அணியின் புதிய அரங்கு மத்திய அரசின் நிலத்தில் அமைந்தது. வேலைவாய்ப்பிற் பாகுபாடு காட்டுவோர்க்கு அந்நிலத்தில் இடமில்லையென 1961 இல் உள்நாட்டு அமைச்சர் ஸ்டுவர்ட் யூடல் அறிவித்தார். 1962 இல் பொபி மிச்செல் முதலிய கறுப்பின வீரர் அவ்வணியில் ஆடினர். 2009 இல் காங்கிரசின் குழுவொன்று மூளைக்காயம் பற்றி லீக்கைப் பகிரங்கமாக விசாரித்தது. ஒரு மாதத்துள் லீக்கின் காயக் குழுத் தலைவர்கள் பதவி விலகினர். இம்மூன்று நிகழ்ச்சிகளிலும் நீதி உரிமையாளரின் நல்லெண்ணத்தால் வந்ததில்லை. பொதுமக்களின் தலையீட்டால் வந்தது. அன்று “விளையாட்டில் அரசியல் வேண்டாம்” என்போரின் சொல் வென்றிருப்பின், கென்னி வாஷிங்டன் களமிறங்கியிருக்கமாட்டார்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அமெரிக்க ஆதிக்குடிகளை இழித்துரைப்பதாக நெடுங்காலம் கண்டிக்கப்பட்ட தன் பெயரைத் தலைநகர அணி 2020 இற் கைவிட்டது. அணியின் விளம்பரதாரர் கொடுத்த நெருக்குதலே அதற்கு உடனடிக் காரணம். 2025 யூலையில் சனாதிபதி ட்ரம்ப், பழைய பெயரை மீண்டும் சூடாவிடின் அவ்வணியின் புதிய அரங்குத் திட்டத்தைத் தடுக்கக்கூடும் என அச்சுறுத்தினார். 1961 இல் நீதிக்காகப் பயன்பட்ட அதே கருவி 2025 இல் இழிவை மீட்பதற்காக ஓங்கப்பட்டது. ஆகவே, அரசு தலையிட்டாற் போதும் எனக் கூறுதல் பொருந்தாது. தனியொருவரின் விருப்புக்கேற்ப ஓங்கப்படும் கோலும், யாவரும் அறியப் பகிரங்கமாக விதிக்கப்படும் நிபந்தனையும் ஒன்றல்ல. பொதுப்பணம் பெறும் கழகம் தன் கணக்குகளை மக்கள்முன் வைத்தல் வேண்டும். பணியாற்றுவோரின் உடல்நலத்துக்கும் கருத்துரிமைக்கும் உத்தரவாதமளித்தல் வேண்டும். நகரைக் கைவிட்டுச் செல்லின் கடனையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும். இவை பேரம்பேசும் இரகசிய அறைகளில் அன்றி, சட்டத்திலே எழுதப்படல் வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாக் கனவு என்பார்க்கு, லீக்கின் உள்ளேயே விடை உண்டு. விஸ்கொன்சின் மாநிலத்தின் சிறுநகரான கிறீன் பேயின் பக்கர்ஸ் கழகம் 1923 முதல் ஊர்மக்களின் பங்குடைமையாக இயங்குகின்றது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட பங்குதாரர் அதற்கு உளர். எவருக்கும் இலாபப் பங்கு கிடைப்பதில்லை. அது வேறு நகருக்கு ஓடிவிடும் என எவரும் அஞ்சுவதில்லை. ஒளிபரப்பு வருமானத்தைக் கழகங்கள் சமமாகப் பகிர்வதாலேயே இச்சிறுநகர்க் கழகம் நிலைக்கின்றது என்பதும் ஏற்கத்தக்கதே. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நற்பயன் அது. ஆயின், அப்பகிர்வு காட்டும் உண்மை யாது? போட்டியையும் தனியுடைமையையும் ஏனையோர்க்குப் போதிக்கும் கோடீசுவரர், தமக்குள்ளே வருமானத்தைச் சமமாகப் பகிர்ந்து வாழ்கின்றனர் என்பதே. அப்பகிர்வின் எல்லை உரிமையாளரின் வாயிலோடு முடிந்துவிடுகின்றது. பக்கர்ஸ் கழகத்தைப் போன்ற மக்களுடைமைக் கழகம் இன்னொன்று தோன்றுவதை லீக்கின் விதிகளே தடைசெய்கின்றன.

2020 மே மாதத்தில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிசாராற் கொல்லப்பட்டு நாடு கொந்தளித்தபோது, வீரரின் குரலுக்கு முன்னரே செவிசாய்க்காதது தவறு என ஆணையாளர் குடெல் ஒப்புக்கொண்டார். கப்பர்னிக்கின் பெயரை அவர் அவ்வேளை உச்சரிக்கவில்லை. 2016 இல் அரசியல் எனத் தூற்றப்பட்டது 2020 இல் அறமாயிற்று. இடையே மாறியது முழந்தாளிட்டவரின் கருத்தன்று, வீதியில் இறங்கிய மக்களின் தொகையே. விளையாட்டையும் அரசியலையும் பிரித்துவைக்க வேண்டுமென மெய்யாகவே விரும்புவோர், முதலில் விதிவிலக்குச் சட்டங்களையும், வரிப்பணத்தாற் கட்டிய அரங்குகளையும், விலைக்கு வாங்கிய அணிவகுப்புகளையும் களத்திலிருந்து அகற்றட்டும். அவை அகற்றப்படும்வரை, முழந்தாளிடும் வீரரை நோக்கி மட்டும் விரல்நீட்டும் உரிமை எவருக்கும் இல்லை.